நாலு பேருக்குக் கெடுதல் இல்லாத வேலை

(முன்னாள் மாணவர், இயந்திரவியல் பிரிவு, 1994)

 

இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பேரவைச் செயலாளர் தம்பி என் வீட்டுக்கே வந்து கேட்டார். "கவிதை, துணுக்கு எல்லாம் நிறைய வந்திருச்சுண்ணே. வேலையைப் பத்தி எழுதுங்க. பசங்க அதைத்தான் கேக்குறாங்க" என்றார். வேலையைப் பற்றி என்றால் எதை எழுதுவது? பயோடேட்டா தயாரிப்பது எப்படி, இன்டர்வியூவில் டை கட்டுவது எப்படி என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வேறு. நாம் செய்கிற வேலையால் யாருக்கு நல்லது, யாருக்குக் கெடுதல் என்று கேட்காமல் ஒரு வேலையில் சேர்ந்தவன் நான். அந்தக் கேள்வியை முன்னாலேயே கேட்டிருந்தால் என்ன செய்திருக்கலாம் என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மஞ்சள் தண்ணீர்

1994-ல் டிப்ளமோ முடித்தேன். அப்பாவுக்கு ஆத்தங்குடியில் பூக்கல் போடுகிற வேலை. வீட்டில் மூத்தவன் நான். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். ரிசல்ட் வந்த இரண்டாம் வாரமே கோவைப் பக்கம் ஒரு குரோம் பிளேட்டிங் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய். கொப்புடையம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சைக்கிள் பாகங்களை ஜிக்கில் மாட்டி, நிக்கல் தொட்டியில் முக்கி, பிறகு குரோமிக் ஆசிட் தொட்டியில் முக்கி, தண்ணீரில் அலசி எடுப்பார்கள். கண்ணாடி மாதிரி பளபளக்கும். அலசின தண்ணீர் மஞ்சளாக ஒரு குழியில் சேரும். சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு ராத்திரி ஷிப்டில் மழை பிடித்தது. மேஸ்திரி வந்து, "தம்பி, மழை பெய்யுது பாருங்க. அந்த வால்வைத் திறந்து விட்ருங்க" என்றார். மழைத் தண்ணியோடு கலந்து போய்விடும், யாருக்கும் தெரியாது என்பது கணக்கு. திறந்துவிட்டேன்.

ஒரு முறை இல்லை. எட்டு மாசத்தில் எத்தனை மழை பெய்ததோ அத்தனை முறை.

பட்டறைக்கு எதிரே ஒரு அக்கா டீக்கடை வைத்திருந்தார். எனக்குச் சம்பளம் வரும்வரை கடன் சொல்லி டீ கொடுப்பவர். ஒரு நாள் கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து காட்டி, "நீ படிச்ச புள்ளைல்ல. இது ஏன் மஞ்சளா இருக்கு, பாரேன்" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். "மழைக்குக் கலங்கியிருக்கும்க்கா" என்று சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. மூன்று வேலன்சி உள்ளதால் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆறு வேலன்சி உள்ளது தண்ணீரில் எளிதில் கரையும், தோலைப் புண்ணாக்கும், அதன் தூவலை வருஷக்கணக்கில் மூச்சோடு இழுத்தால் நுரையீரல் புற்றுநோய் வரும். அந்த மஞ்சள் நிறம் ஆறு வேலன்சியின் நிறம். இது புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

பக்கத்து வீட்டு மாமா சொன்ன பாடம்

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது பக்கத்து வீட்டு மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் நம்ம ஊர் சிக்ரியில் லேப் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் நாம் சிக்ரி என்கிறோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்த நிலையம் அது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். துருப்பிடித்தல், பேட்டரி, முலாம் பூசுதல் என்று மின்சாரமும் ரசாயனமும் சேருகிற எல்லாவற்றுக்கும் நாட்டிலேயே பெயர் பெற்ற இடம். அந்த ஊரிலிருந்து போன பையன் முலாம் பட்டறையில் விஷத்தைத் திறந்துவிட்டுக் கொண்டிருந்தேன்!

மாமா திட்டவில்லை. "இதுக்கு வைத்தியம் ரெண்டு இருக்குப்பா. ஒண்ணு வந்த பின்னால செய்யறது, ஒண்ணு வராமப் பாத்துக்கறது" என்றார்.

வந்த பின்னால் செய்வது: மஞ்சள் தண்ணீரில் ஆசிட் விட்டு பி.எச். அளவை இரண்டரைக்குக் கொண்டு வர வேண்டும். சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டால் ஆறு வேலன்சி மூன்றாக மாறும். மஞ்சள் மாறிப் பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு போட்டு பி.எச்.-ஐ எட்டரைக்கு ஏற்றினால் குரோமியம் கசடாக அடியில் தங்கும். கசடை வடிகட்டிப் பிழிந்து, அதற்கென அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். இதில் இரண்டு நாளில் கற்றுக்கொள்ள முடியாதது ஒன்றுமில்லை.

வராமல் பார்த்துக்கொள்வது: இது இன்னும் சுவாரஸ்யம். தொட்டியிலிருந்து ஜிக்கைத் தூக்கும்போது அதில் ஒட்டிக்கொண்டு கரைசல் வெளியே வருகிறது. அதுதான் அலசுகிற தண்ணீரை மஞ்சளாக்குகிறது. ஜிக்கை தொட்டிக்கு மேலேயே அரை நிமிஷம் நிறுத்தி வடியவிட்டால் பெரும்பகுதி தொட்டிக்கே திரும்பிவிடும். முதலாளி காசு கொடுத்து வாங்கின ரசாயனம் மிச்சம்!

அடுத்தது அலசுதல். ஒட்டி வந்த 1 லிட்டர் கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்துப்போகச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தொட்டியில் அலசினால் 1,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு தொட்டிகளை வரிசையாக வைத்து, பொருள் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த் திசையிலும் போகும்படி செய்தால் ஆயிரத்தின் வர்க்கமூலம் போதும்; அதாவது ஏறக்குறைய 32 லிட்டர். மூன்று தொட்டி வைத்தால் கனமூலம், வெறும் 10 லிட்டர். பத்தாம் வகுப்புக் கணக்கு! ஆயிரம் லிட்டர் விஷத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் பணமில்லை என்று சொல்கிற பட்டறைக்காரர், 10 லிட்டரைச் சுத்தம் செய்யப் பணமில்லை என்று சொல்ல முடியாது.

திரும்பிப் போய் இதை முதலாளியிடம் சொன்னேன். "இந்தப் பட்டறையில நான் சொல்றதைத்தான் செய்யணும்" என்றார். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு வேறு வேலை தேடிக்கொண்டு விலகிவிட்டேன். புகார் எதுவும் கொடுக்கவில்லை. டீக்கடை அக்காவிடமும் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று அவருடைய பாக்கியை மட்டும் தீர்த்தேன். அதைத் தவிர இன்னொரு பாக்கியும் இருந்தது என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

சட்டம் யார் பக்கம்?

நம்மில் பலருக்குச் சட்டம் என்றால் வக்கீல்களுக்கு மட்டும் என்று நினைப்பு. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981; சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-லிருந்து செயல்படுகிறது. நான் வால்வைத் திறந்துவிட்ட காலத்தில் இவை எல்லாமே இருந்தன. எனக்குத்தான் தெரியவில்லை.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றுப் பக்கத்து நிலமும் கிணறும் தோல் கழிவால் பாழானது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பில் இரண்டு கொள்கைகள் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டன. ஒன்று, கெடுதல் வரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்காமல் முன்னெச்சரிக்கையாகத் தடுக்க வேண்டும். இரண்டு, மாசு செய்தவரே அதைச் சரிசெய்கிற செலவையும் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டையும் தர வேண்டும்.

இதைப் பேப்பரில் படித்தபோது நான் திருப்பூரில் இருந்தேன். சில வருஷம் கழித்து அங்கே ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தேன். சாயப்பட்டறைகளின் கழிவுநீர் எல்லாம் குழாய் வழியாக ஒரே இடத்துக்கு வந்து சுத்தமாகிற நிலையம் அது. முதன்முதலாக ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆனால் அங்கேயும் கதை நேராகப் போகவில்லை. சாயத்தின் நிறத்தை எடுத்துவிடலாம். கரைந்திருக்கிற உப்பை எடுப்பது கஷ்டம். நொய்யல் ஆற்றில் 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. கடைசியில் அது சாயக் கழிவு தேங்குகிற குட்டையாகி, எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று சொல்கிற நிலை வந்தது. வழக்கு மேல் வழக்காகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலை வரும்வரை திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன.

அந்த மாதங்களை நான் நேரில் பார்த்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு சாமான்களோடு பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் முதலாளிகள் இல்லை. ராமநாதபுரத்திலிருந்தும் நம்ம சிவகங்கைச் சீமையிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள். தீர்ப்பு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆற்றங்கரை விவசாயி அதற்கு முன்னாலேயே பல வருஷமாக அழுதுகொண்டிருந்தார். முதலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால், கடைசியில் ஒரே நாளில் செய்ய வேண்டி வருகிறது. அப்போது அடி விழுவது ஏழை தலையில். பிறகு நல்ல முடிவும் வந்தது. அதிநுண் சவ்வுகளில் வடிகட்டி மீட்ட தண்ணீரையும், தெளிய வைத்த உப்புக் கரைசலையும் திரும்பச் சாயத் தொட்டிக்கே பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். திருப்பூர் மறுபடி எழுந்தது. அந்த நிலையங்களை ராத்திரி பகலாக ஓட்டுபவர்களில் பலர் உங்களைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான்.

முழுக்கச் சுத்தமான வேலை உண்டா?

"அப்படின்னா பாக்டரியே வேணாம், கைத்தொழில் செய்யலாமா அண்ணே?" என்று ஒரு தங்கை கேட்டார். நல்ல கேள்வி. என் அப்பாவின் தொழிலையே எடுத்துக்கொள்வோம்.

ஆத்தங்குடிப் பூக்கல்லுக்கு சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அச்சுக்குள் சாயம் கலந்த சிமெண்ட் கூழை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடி கழன்று வரும்போது கல் தானாகவே மின்னும். உள்ளூர் மணல், உள்ளூர்க் கை. ஒரு தலைமுறைக்கு மேல் உழைக்கும். சூளையில் சுடும் ஓட்டைவிட எரிபொருள் மிச்சம் என்று தாராளமாகப் பெருமைப்படலாம்.

ஆனால் என் அப்பாவின் இரண்டு கையும் வெடித்துப் புண்ணாகிக் கிடக்கும். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிமெண்ட் சூடு என்றுதான் நினைத்திருந்தோம். சிக்ரி மாமாதான் சொன்னார்: "காரம் மட்டுமில்லப்பா. சிமெண்ட்லயும் ஆறு வேலன்சி குரோமியம் துளி இருக்கு. அது சில பேருக்கு ஒவ்வாமை குடுக்கும்." எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. கோவையில் நான் கிணற்றுக்கு அனுப்பியதும், ஆத்தங்குடியில் என் அப்பாவின் கையைத் தின்றதும் ஒரே சரக்கு!

ஐரோப்பிய நாடுகளில் 2005 முதல் சிமெண்டில் கரையும் ஆறு வேலன்சி குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. அதற்காகக் கொஞ்சம் இரும்பு சல்பேட் கலக்கிறார்கள். அவ்வளவுதான் வைத்தியம். நம் பக்கத்தில் குறைந்தபட்சம் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும், வேலை முடிந்ததும் கை கழுவ நல்ல தண்ணீரும் கொடுக்கலாமே! அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த முதல் உருப்படியான பொருள் கையுறைதான். "இதைப் போட்டா சட்டம் பிடிபடலடா" என்று முதல் வாரம் வீசி எறிந்தார். அதனால் உள்ளங்கை மெல்லிசாக இருக்கிற வேறு ரகம் தேடிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டார். கருவியை மனிதனுக்கு ஏற்ப மாற்றுவதும் இன்ஜினியரிங்தான்.

ஆக, முழுக்கச் சுத்தமான வேலை என்று ஒன்று கிடையாது. போகிற இடத்தில் கெடுதலைக் குறைக்க வழி இருக்கிறதா, குறைக்க விடுவார்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

இதை நமக்கு முன்பே யோசித்த ஒரு தமிழர் ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று பம்பாயில் நல்ல வருமானத்தில் இருந்தவர். 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்த பிறகு அதை விட்டுவிட்டு கிராமத் தொழில்களுக்காக உழைத்தார். கடைசிக் காலத்தை மதுரை அருகே தே.கல்லுப்பட்டியில் கழித்து 1960-ல் மறைந்தார். 1945-ல் வெளிவந்த நூலில் அவர் பிழைப்புகளை ஐந்து வகையாகப் பிரித்தார்: பிறரை அழித்து வாழ்வது, பிறர் உழைப்பைச் சூறையாடுவது, தன் உழைப்பால் வாழ்வது, கூட்டத்துக்காக உழைப்பது, பலன் கருதாமல் சேவை செய்வது. உங்கள் வேலை இதில் எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்கள். எல்லோரும் ஐந்தாம் படிக்கு ஏற முடியாது. முதல் இரண்டில் இருந்து இறங்கி வரலாமே!

எந்தப் படிப்புக்கு என்ன வழி?

*சிவில்:* நம்ம செட்டிநாட்டு வீடுகளே உங்களுக்குப் பாடப் புத்தகம். உயர்ந்த கூரை, சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் வளவு. கூரைத் தண்ணீர் வளவில் இறங்கிப் பாத்திரங்களில் சேரும். மிச்சம் ஊரணிக்குப் போகும். 2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, நம் பாட்டன்கள் சிரித்திருப்பார்கள். ஊரணி வரத்துக் கால்வாய்களை லெவல் எடுத்துச் சீர் செய்யவும், பழைய வீட்டை இடிக்காமல் பழுது பார்க்கவும் தெரிந்த ஆட்கள் இன்று கிடைப்பதில்லை. சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஊற்றுக்குள் இறங்குகிற மழைநீரைக் காப்பதும் சிவில் வேலைதான்.

*எலெக்ட்ரிக்கல்:* சூரிய மின்சாரம் என்றால் வெயில் காய்கிற நம் பக்கத்துக்கு வாய்ப்பு அதிகம். அண்டை மாவட்டமான ராமநாதபுரத்தின் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் நிலையம் வந்தது. பெரிய நிலையம்தான் வேண்டும் என்பதில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதும் ஒரு தொழில். 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்த பிறகு எரிசக்தி மேலாளர் தேர்வு நடக்கிறது. டிப்ளமோ படித்தவர்களும் போதிய அனுபவத்தோடு எழுதலாம்.

*மெக்கானிக்கல்:* உராய்வே பெரும்பகுதியாக உள்ள குழாய்களில், பம்பின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடி விதி அது. வால்வை நெரித்துத் தண்ணீரைக் குறைக்கிற இடங்களில் எல்லாம் வேகத்தைக் குறைத்துக் காட்டுங்கள். முதல் மாத பில்லைப் பார்த்ததும் முதலாளி காபி வாங்கிக் கொடுப்பார்.

*கெமிக்கல், பேட்டரி:* பழைய லெட் ஆசிட் பேட்டரியைக் கொல்லைப்புறத்தில் உடைத்து ஈயம் உருக்கினால் அந்தத் தெருக் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். முறையாக மறுசுழற்சி செய்தால் அதே ஈயம் திரும்பத் திரும்பப் பயன்படும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், தயாரிப்பாளரே பழைய பேட்டரிக்குப் பொறுப்பு என்கின்றன. இதில் ஆட்கள் தேவை. சிக்ரி பக்கத்திலேயே இருக்கிறது. திறந்த நாட்களில் போய்ப் பாருங்கள்.

*எந்தப் பிரிவானாலும்:* உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரின் உயிர் உங்கள் கையில். கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமானால் மூக்கு மரத்து, வாசனையே தெரியாமல் போகும். மனிதரைக் கொண்டு மலக்குழியைச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கேரள இளம் பொறியாளர்கள் செய்த 'பேண்டிகூட்' என்ற இயந்திரம் நம்ம கும்பகோணத்திலும் குழிக்குள் இறங்குகிறது. அப்படி ஒரு இயந்திரத்தைச் செய்வது எந்த ராக்கெட்டுக்கும் குறைந்ததல்ல.

சேருமுன் ஆறு கேள்விகள்

1. இந்த ஆலையின் கழிவுநீர் எங்கே போகிறது? நேரில் பார்க்க விடுவார்களா?
2. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி நடப்பில் இருக்கிறதா?
3. கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா?
4. கையுறை, முகமூடி ஆபீஸ் அலமாரியில் இருக்கிறதா, ஆட்களின் கையில் இருக்கிறதா?
5. லாக் புக்கில் எழுதுகிற எண் மீட்டரில் இருந்து வருகிறதா, மனசில் இருந்து வருகிறதா? (எல்லா நாளும் ஒரே எண் என்றால் புரிந்துகொள்ளுங்கள்!)
6. எதிரே உள்ள டீக்கடையில் இந்தக் கம்பெனியைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

ஆறாவது கேள்விதான் முக்கியம். அனுமதிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிடலாம். டீக்கடை அக்காவின் கிணற்றை மாட்ட முடியாது.

கடன் இருக்கிறதே, என்ன செய்ய?

"எல்லாம் சரி அண்ணே. வீட்டுல கடன் இருக்கு. கிடைச்ச வேலைக்குப் போகாம எப்படி?" நியாயம்தான். என் வீட்டிலும் இருந்தது. மனசாட்சியைச் சொல்லி வீட்டைப் பட்டினி போடச் சொல்ல நான் யார்? என் அனுபவத்தில் மூன்று சொல்கிறேன்.

முதலாவது, சேர்ந்தவுடன் சண்டை போடாதீர்கள், கற்றுக்கொள்ளுங்கள். தொழில் தெரிந்தவன் சொன்னால்தான் எடுபடும். இரண்டாவது, கெடுதலைத் தடுப்பதோடு அதில் எவ்வளவு மிச்சம் என்று ரூபாயில் காட்டுங்கள். நான் முதலாளியிடம் "பாவம்" என்று மட்டும்தான் பேசினேன். வடியவிட்டால் மாதம் எத்தனை கிலோ குரோமிக் ஆசிட் மிச்சம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், ஒருவேளை கேட்டிருப்பார். மூன்றாவது, உங்கள் கையால் செய்யவே கூடாத ஒன்று என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைச் சேருவதற்கு முன்பே போடுங்கள். மழை பெய்கிற ராத்திரியில், மேஸ்திரி எதிரே நிற்கும்போது கோடு போட நேரம் இருக்காது.

ஊர் திரும்பிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அரிசி ஆலை, ஹோட்டல்களுக்குச் சின்னச் சின்னச் சுத்திகரிப்புத் தொட்டிகள் போட்டுக் கொடுக்கிறேன். பம்ப் செட் பார்க்கிறேன். பெரிய பணம் இல்லை. தங்கைகள் கல்யாணம் முடிந்தது, பிள்ளைகள் படிக்கிறார்கள், அது போதும். திருப்பூரில் இருந்தபோது ஒருமுறை கோவைக்குப் போய் அந்தத் தெருவைத் தேடினேன். பட்டறை இல்லை, டீக்கடையும் இல்லை. ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. கிணறு மூடிக்கிடந்தது. "மழைக்குக் கலங்கியிருக்கும்க்கா" என்று சொன்னதைத் திருத்திச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

உங்களிடமும் ஒரு நாள் யாராவது குடத்தைக் காட்டி, படித்த பிள்ளைதானே என்று கேட்பார்கள். அன்றைக்கு உண்மையைச் சொல்லக் கூடிய வேலையில் நீங்கள் இருக்க வேண்டும். அதுவே இந்த அண்ணனின் ஆசை.